"ஜென்" எரிய வேண்டிய இடத்தில் "ஆல்ட்": 1964 மஸ்டாங்கின் மீட்டர் போர்டுக்கு எதை வாங்கலாம்?

போன கோடையில் என் மைத்துனன் ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் வாங்கினான். இரண்டு கதவு ஹார்டுடாப், 260 கன அங்குல வி8 எஞ்சின், 1964 ஜூனில் டியர்பார்ன் ஆலையிலிருந்து வெளிவந்தது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பெயின்ட்டையோ எஞ்சினையோ பார்க்கவில்லை நான். குனிந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் போர்டைப் பார்த்தேன். சாவியைத் திருப்பச் சொன்னேன். சிவப்பாக எரிந்தது "ஆல்ட்" (ALT) என்ற எழுத்து. அந்த மாதம் செய்த வண்டியில் "ஜென்" (GEN) என்றல்லவா எரிந்திருக்க வேண்டும்!

"மூணு எழுத்துதானே அத்தான், அதுக்கா இப்படி முகம் வாடுது?" என்றான்.

மூன்று எழுத்துதான். ஆனால் வண்டியின் ஜாதகமே அதில் இருக்கிறது. மஸ்டாங் உற்பத்தி 1964 மார்ச் 9 அன்று தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஊருக்குக் காட்டினார்கள். அப்போது வண்டியில் மின்சாரம் தந்தது ஜெனரேட்டர், நம்மூர் மெக்கானிக் சொல்லும் டைனமோ. அதே ஆண்டு ஆகஸ்ட் நடுவில், அடுத்த மாடல் ஆண்டு உற்பத்தி தொடங்கியபோது, அதே வேலையைச் செய்யும் புதுவகைக் கருவியான ஆல்டர்நேட்டருக்கு மாறினார்கள். எச்சரிக்கை விளக்கின் எழுத்தும் கூடவே மாறியது. ஃபோர்டு காகிதத்தில் எல்லாமே 1965 மாடல்தான். "1964½" என்ற பெயர் பிரியர்கள் பிற்பாடு வைத்தது. ஆனாலும் இந்த ஐந்து மாத வண்டிகளுக்குத் தனி உடற்கூறு உண்டு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் அது முதலில் கண்ணில் படுகிற இடம் அந்தச் சின்ன விளக்கு.

ஆக, மைத்துனன் வண்டியில் யாரோ ஒரு பழைய உரிமையாளர் பின்வந்த மீட்டர் போர்டைப் பொருத்தியிருக்கிறார். அதுவும் வெயிலில் காய்ந்து விளிம்பு விரிசல் விட்டிருந்தது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: அசல் "ஜென்" போர்டைத் தேடிப் பிடிப்பது, சுலபமாகக் கிடைக்கும் "ஆல்ட்" போர்டையே நல்லதாக ஒன்று வாங்குவது, இருப்பதன் மேல் புது மறுதயாரிப்பு பாகங்களைப் போட்டுத் தேற்றுவது, அல்லது ஐந்து வட்டப் போர்டுக்குத் தாவுவது.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வண்டி உண்மையிலேயே ஆரம்ப வண்டிதானா என்று உறுதி செய்ய வேண்டும். விற்பவர் வாய்ச் சொல்லை நம்பி "ஜென்" போர்டைத் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் வண்டி 1965 ஜனவரியில் செய்தது என்று தெரிந்தால் காசும் போச்சு, வண்டியும் கெட்டது.

ஆலையில் பொறித்த வண்டி எண்ணில் ஐந்தாவது இடத்தில் உள்ள எஞ்சின் எழுத்துதான் முதல் சாட்சி. எண் இப்படி வரும்: 5, பிறகு ஆலைக்கு ஒரு எழுத்து, உடலுக்கு இரண்டு இலக்கம், எஞ்சினுக்கு ஒரு எழுத்து, பிறகு 1-ல் தொடங்கும் ஆறு இலக்கம். எஞ்சின் எழுத்து "எஃப்" என்றால் 260 வி8. "யூ" என்றால் 170 கன அங்குல ஆறு சிலிண்டர். "டி" (D) என்றால் 289 நான்கு பேரல் கார்புரேட்டர். இந்த மூன்றும் 1964 ஆகஸ்ட் மாற்றத்தோடு நின்றுபோனவை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். உயர்திறன் 289-க்கான "கே" மட்டும் இரு பக்கமும் ஓடியது. அது 1964 ஜூனில் வந்து பிறகும் தொடர்ந்தது. அதனால் "கே" வண்டிக்கு எழுத்து மட்டும் போதாது.

ஆலை எழுத்தும் கொஞ்சம் பேசும். "எஃப்" டியர்பார்ன், "ஆர்" சான் ஹோசே, "டி" (T) மெட்டச்சன். மெட்டச்சனில் மஸ்டாங் செய்யத் தொடங்கியதே 1965-ல்தான். அந்த ஊர் வண்டியில் "ஜென்" போர்டைப் பார்த்தால் யாரோ மாட்டியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சரிந்த கூரை கொண்ட ஃபாஸ்ட்பேக்குக்கும் இதே நியாயம்தான். அந்த உடல் விற்பனைக்கு வந்தது 1964 இலையுதிர் காலத்தில்.

கதவுத் தகட்டில் தேதி இருக்கும். நாள் எண்ணும் மாத எழுத்தும் சேர்ந்து வரும். ஜனவரிக்கு "ஏ" என்று தொடங்கி, "ஐ" எழுத்தைத் தாண்டிக் குதித்து, டிசம்பருக்கு "எம்" வரை. மைத்துனன் வண்டியில் மாத எழுத்து "எஃப்", அதாவது ஜூன். ஆலைக்கும் எஃப், எஞ்சினுக்கும் எஃப், மாதத்துக்கும் எஃப்! முதல் முறை பார்க்கிறவர் குழம்பத்தான் செய்வார். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இதோடு வண்டி எவ்வளவு கைபடாமல் இருக்கிறது என்றும் பார்த்தோம். ஆரம்ப வண்டிகளில் ஹாரன்கள் ரேடியேட்டருக்குப் பின்னால் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், பின்வந்தவற்றில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில். பயணி இருக்கை முன்னும் பின்னும் நகராது. கதவுப் பூட்டுக் குமிழ் உள்ளலங்காரத்தின் நிறத்தில் இருக்கும், பிறகு குரோமுக்கு மாறியது. ஜன்னல் கைப்பிடி கம்பிக் கிளிப்பில் நிற்கும், பிறகு ஆலன் திருகு வந்தது. மைத்துனன் வண்டியில் இவை நான்கும் சரியாக இருந்தன. மீட்டர் போர்டு மட்டும்தான் ஊருக்கு வெளியே. அது தெரிந்த பிறகுதான் எனக்குப் பிடிவாதம் வந்தது. எல்லாமே மாற்றப்பட்ட வண்டியாக இருந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஐந்து வட்டப் போர்டை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மைத்துனனுக்கு ஆசை அதன் மேல்தான். நடுவில் பெரிய வட்ட ஸ்பீடோமீட்டர், சுற்றி நான்கு சின்ன வட்டங்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. விளக்குக்குப் பதில் நிஜமான அம்மீட்டரும் எண்ணெய் அழுத்தக் கேஜும் இருக்கின்றன, வண்டியை நேசிக்கிறவருக்கு அதுவும் வரம்தான். ஆனால் அது மஸ்டாங்குக்கு வந்ததே 1965 வசந்தத்தில், ஜிடி வண்டிகளோடும் அலங்கார உள்ளமைப்போடும். 1966-ல்தான் எல்லா மஸ்டாங்குக்கும் பொதுவானது. 1964 ஜூன் வண்டியில் அதைப் பார்த்தால், விவரம் தெரிந்தவர் பார்வை அங்கேயே தட்டி நிற்கும். செலவும் போர்டோடு முடியாது. எஞ்சினில் இருக்கும் எண்ணெய் அழுத்தச் சுவிட்சைக் கழற்றி, கேஜுக்கு அளவு அனுப்பும் சென்டர் (sender) போட வேண்டும். அம்மீட்டருக்காக வயரிங்கில் கைவைக்க வேண்டும். அறுபது ஆண்டு வயரிங்கில் ஓரிடத்தைத் தொட்டால் நான்கிடம் உதிரும். ஏற்கெனவே வெட்டி ஒட்டிய வண்டி, தினமும் ஓட்டப்போகும் வண்டி என்றால் இது நல்ல தேர்வு. இவன் வண்டிக்கு இல்லை.

"ஆல்ட்" போர்டின் கதை வேறு. அது மலிவு, தேடினால் கிடைக்கும், பொருத்துவதும் சுலபம். 1965 மாடலில் சாதாரண உள்ளமைப்பு வண்டிகளுக்கெல்லாம் அதே படுக்கை வாட்ட ஸ்பீடோமீட்டர்தான். ஃபோர்டின் ஃபால்கன் காரிலிருந்து கடன் வாங்கி, மஸ்டாங்குக்குப் புது உறை போட்டது. எத்தனையோ லட்சம் செய்தார்கள். வண்டியை ஏற்கெனவே ஆல்டர்நேட்டருக்கு மாற்றியிருந்தால், "ஆல்ட்" என்று எரிவது பொய்யும் இல்லை. பானட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போர்டும் சொல்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்காரருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

இங்கே வயரிங் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு விளக்கும் ஒரே மாதிரி எரிந்தாலும் வேலை வேறு. டைனமோ வண்டியில் விளக்கின் ஒரு பக்கம் சாவி வழியாக பேட்டரி, மறுபக்கம் ரெகுலேட்டர் வழியாக டைனமோ. இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானால் அணையும். பல்பு ஃப்யூஸ் போனாலும் டைனமோ பாட்டுக்கு சார்ஜ் செய்யும். ஆல்டர்நேட்டர் வண்டியில் அப்படியில்லை. தொடக்கத்தில் ஆல்டர்நேட்டரின் ஃபீல்டை, அதாவது அதன் காந்தச் சுருளை, தட்டி எழுப்பும் மின்சாரம் அந்த விளக்கு வழியாகவே ரெகுலேட்டருக்குப் போகிறது. பல்பு போனாலும் சார்ஜ் நிற்காமல் இருக்க, அதற்கு இணையாக 15 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஃபோர்டு வைத்தது. டைனமோ வண்டியை ஆல்டர்நேட்டருக்கு மாற்றியவர்கள் பலர் இந்த ரெசிஸ்டரை மறந்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள் பல்பு போகும், பேட்டரி இறங்கும், குற்றம் ஆல்டர்நேட்டர் மேல் விழும். மைத்துனன் வண்டியில் டைனமோவே இருந்தது. போர்டு மட்டும் "ஆல்ட்". இல்லாத பொருளின் பெயரை எரித்துக்கொண்டு அறுபது வயது வண்டி ஓடுவது எனக்கு உறுத்தியது.

மூன்றாவது வழி, புது மறுதயாரிப்பு பாகங்கள். உறை, முன் பிளாஸ்டிக் கண்ணாடி போன்றவை புதிதாகவே கிடைக்கின்றன. பளபளப்பு, விரிசல் இல்லை, தபாலில் வீடு தேடி வரும். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. கிட்டே போனால் தெரியும். அசல் உறையின் கருப்பு, பழைய கேமராவின் தோலுறை போல் சொரசொரப்பாக இருக்கும். விரலை ஓட்டினால் அந்தச் சுருக்கம் நகத்தில் தட்டும். நான் கையில் எடுத்துப் பார்த்த புது உறைகளில் அந்தச் சுருக்கம் ஆழம் குறைவு. வெளிச்சம் பட்டால் கொஞ்சம் கூடுதலாக மினுக்கியது. அசலின் பின்புறம் ஃபோர்டு முத்திரையும் எண்ணும் இருக்கும். ஆனாலும் மறுதயாரிப்பை ஒதுக்க மாட்டேன். வெயிலில் காய்ந்து பொடியாகும் அசல் உறையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருப்பதைவிட, உள்ளே அசல் கருவி, வெளியே புது உறை என்பது நல்ல கூட்டு. ஒன்று மட்டும்: புது உறைக்குள் "ஆல்ட்" கருவியையே வைத்தால் காசு செலவழித்தும் கேள்வி அப்படியே நிற்கும்.

மிச்சம் இருப்பது அசல் "ஜென்" போர்டு. தேட வேண்டும், விலை கூடுதல், ஏமாறும் வாய்ப்பும் கூடுதல். எனக்கு அனுபவம் உண்டு. முன்பு இன்னொரு வண்டிக்காகப் படத்தைப் பார்த்து ஒன்று தருவித்தேன். முன்னால் "ஜென்" பளிச்சென்று இருந்தது. பெட்டியைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தால், பின்புறத் திருகுகளெல்லாம் துருவும் தூசியுமாக ஒரே வயதில் இருக்க, முகப்பைப் பிடித்திருந்த திருகுகளின் தலையில் மட்டும் புதிய கீறல். யாரோ ஒரு உடைந்த ஆரம்ப போர்டின் முகப்பைக் கழற்றி, பின்வந்த உடலில் மாட்டி விற்றிருந்தார்கள். வேலை செய்யாமல் இல்லை. ஆனால் கேட்ட விலை முழு அசலுக்கு. அன்றிலிருந்து முன்பக்கப் படத்தை நான் நம்புவதில்லை. பின்பக்கம், இரு ஓரங்கள், திருகுகள் கிட்டத்தில், இவற்றை அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை.

எண்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். ஃபோர்டின் எண் "சி" என்று தொடங்கினால் 1960-கள். அடுத்த இலக்கம் ஆண்டு, 4 என்றால் 1964, 5 என்றால் 1965. மூன்றாவது எழுத்து கார்: "இசட்" மஸ்டாங், "டி" (D) ஃபால்கன். "சி4 என்றால் ஆரம்ப வண்டி, சி5 என்றால் பின்வந்தது" என்று பலர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்த இலக்கம் பாகத்தை வடிவமைத்த ஆண்டு, செய்த ஆண்டு இல்லை. ஃபால்கனுக்காக 1964-ல் வரைந்த பாகம் 1965 மஸ்டாங்கிலும் உரிமையோடு இருக்கலாம். 1965 மாடலுக்கென்று எண் வாங்கிய பாகம் 1964 ஏப்ரல் வண்டியிலும் இருக்கலாம். எண் ஒரு சாட்சி, அவ்வளவுதான். தேதி முத்திரை கண்ணில் பட்டால் அது பெரிய சாட்சி. பாகத்தின் தேதி வண்டியின் தேதிக்குச் சில வாரங்கள் முன்னால் இருந்தால் பொருந்தும். வண்டிக்குப் பின்னால் இருந்தால் அது அந்த வண்டியோடு பிறந்ததில்லை.

மஸ்டாங் கிளப் ஆஃப் அமெரிக்காவின் போட்டிகளில் அசல் நிலைக்கென்று உள்ள பிரிவுகளில் வண்டியை நிறுத்தும் எண்ணம் இருந்தால், இந்த வழியைத் தவிர வேறு பேச்சே இல்லை. போட்டி எண்ணம் இல்லாவிட்டாலும், மற்ற எல்லாம் அசலாக இருக்கும் ஆரம்ப வண்டிக்கு இதுதான் என் தேர்வு. உறை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, முகப்பும் கருவிகளும் ஒன்றாகப் பிறந்தவையாக இருந்தால் போதும். உறையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் இடத்திலேயே சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, மனம் பதறித்தான் எழுதுகிறேன். ஒரு பழைய பாகச் சந்தையில், "பாருங்க, முள் ஆடுது" என்று காட்டுவதற்காக ஒரு வியாபாரி 12 வோல்ட் பேட்டரி வயர்களை ஃப்யூயல் கேஜின் முனைகளில் நேரடியாக வைத்தார். முள் விருட்டென்று எகிறி வலது ஓரத்தில் முட்டியது. ஒரு கருகல் வாடை. அதன் பிறகு முள் எழவே இல்லை. அறுபது ஆண்டு பிழைத்த கேஜ் மூன்று நொடியில் செத்தது.

இந்தக் கேஜ்கள் 12 வோல்ட்டில் ஓடுகிறவை இல்லை. போர்டின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கிறது. மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 5 வோல்ட் மாதிரி ஆக்கித் தரும். கேஜுக்குள் சூடாகி வளையும் இரட்டை உலோகப் பட்டை, அதனால்தான் முள் மெதுவாக எழுகிறது. ஃப்யூயல் கேஜைச் சோதிக்க 5 வோல்ட் கொடுத்து, தொடரில் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். 10 ஓம் வைத்தால் நிறைந்த டேங்க், 73 ஓம் வைத்தால் காலி. இரண்டும் சரியாகக் காட்டினால் கேஜ் நல்லது. வண்டியில் மாட்டிய பிறகு ஃப்யூயல், டெம்பரேச்சர் இரண்டும் ஒரே நேரத்தில் எகிறினால் கேஜ்களைக் குறை சொல்லாதீர்கள். அந்த ரெகுலேட்டரையும் எர்த்தையும் முதலில் பாருங்கள்.

ஓடோமீட்டரில் ஐந்து இலக்கமும் ஒரு பத்திலொரு பங்கும்தான். போர்டு மாறினால் மைல் கணக்கும் மாறிவிடும். கழற்றும் அன்று பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தேதியோடு எழுதி வண்டிக் காகிதங்களோடு வைத்துவிட வேண்டும். அடுத்து வாங்கப்போகிறவருக்கு நாம் செய்யும் நியாயம் அது.

மைத்துனன் வண்டிக்கு இரண்டரை மாதம் தேடினோம். கடைசியில் கிடைத்தது உறை இரண்டாகப் பிளந்த ஒரு "ஜென்" போர்டு. விற்றவர் கேட்காமலேயே பின்பக்கப் படங்களை அனுப்பினார். திருகுகள் எல்லாம் ஒரே துரு. முகப்பு மங்கியிருந்தது, ஆனால் கீறல் இல்லை. உறைக்கும் கண்ணாடிக்கும் மட்டும் மறுதயாரிப்பு வாங்கினோம். போர்டின் பின்னால் இருக்கும் ரெகுலேட்டரை மாற்றினோம். விளக்குச் சாக்கெட்டுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டுத் தொடங்கியவர்கள் மாலை காப்பி நேரத்துக்கு முடித்தோம்.

சாவியைத் திருப்பினான். "ஜென்" எரிந்தது. எஞ்சின் பிடித்தது, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினான், அணைந்தது. காலை எடுத்து ஐட்லிங்குக்கு விட்டதும் மறுபடி மங்கலாக மினுக்கியது.

"அத்தான், இன்னும் ஏதோ கோளாறு இருக்கு."

"கோளாறு இல்ல மாப்ளே. டைனமோ மெதுவா சுத்தறப்ப அப்படித்தான் கண் சிமிட்டும். 1964-லயும் அப்படித்தான்."

அவன் இன்னொரு முறை ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்த்தான். அணைந்தது. விட்டான், சிமிட்டியது. பானட்டை மூடிவிட்டு ஊரைச் சுற்றக் கிளம்பினோம்.